நுரை உடைந்த பக்கம்

கெட்டியாகிவிட்டது. இதைக் காபி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டப்பாவில் இருக்கும் வெள்ளைப் பொடியைப் போட்டுக் கலக்கினால் எதுவும் கூழாகிவிடும், தண்ணீராகக் கொடுத்தால் என் மனைவி மயிலாத்தாளுக்கு மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்று ஜெனிட்டா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கப் பழக்குவதுதான் அந்தப் பெண்ணின் வேலை. ஸ்கூட்டியில் வாரத்துக்கு இரண்டு தரம் வந்து போகிறாள். ஸ்பூனைத் தூக்கினால் நூல் விட்டுக்கொண்டு இறங்குகிறது. சளி மாதிரி. அப்படி நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நினைக்கக்கூடாது என்றதும் அதுதான் முதலில் வந்து நிற்கிறது, காலையில் கஞ்சியைக் கலக்கும்போதும் அதுதான், மத்தியானம் தயிரைக் கடையும்போதும் அதுதான். இந்த உலகத்தில் குமட்டாமல் நான் வாயில் வைக்கும் பொருள்கள் ரொம்பக் கொஞ்சம், அதில் காபி ஒன்று, கடைசியில் அதையும் இப்படிப் பண்ணிவிட்டார்கள். சட்டைப்பையில் போன் சிணுங்குகிறது. ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர் சங்கத்து குரூப். ஓவர்சியர் குழந்தைசாமி ஒரு ரோஜாப்பூவை அனுப்பியிருக்கிறான், பூவின்மேல் பனித்துளி, கீழே கொட்டை எழுத்தில், கிடைத்த நிறைவான வாழ்வுக்கு நன்றி சொல்லி இந்த நாளைத் தொடங்குவோம். வெயில் தாழ்ந்து சாயங்காலமாகப் போகிறது, இவன் இப்போதுதான் நாளைத் தொடங்குகிறான். யாருக்கு நன்றி, எதற்கு நன்றி என்று இன்னொரு வரி சேர்த்துப் போட்டிருக்கலாம். அதற்குள் ஒரு கும்பலே வரிசையாகக் கைகூப்பியிருக்கிறது. நிறைவான வாழ்வு. ஒரு வேலை, ஒரு வீட்டுவசதி வாரிய வீடு, ஒரு பெண், ஒரு மொபெட், சத்தியமங்கலத்துக்கு ஒரு டிரான்ஸ்பர், அங்கிருந்து மறுபடி கோபிக்கே ஒரு டிரான்ஸ்பர். பேப்பரில் பெயர் வந்ததில்லை, ஜெயிலுக்கும் போனதில்லை. இதில் நிறைவு எங்கே இருக்கிறதென்று எனக்குப் புரியவில்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு டம்ளரைத் தூக்கினேன்.

அறைக்குள் கால் வைத்ததுமே அந்த வாடை. மேலே டெட்டால், அதற்குக் கீழே பவுடர், எல்லாவற்றுக்கும் அடியில் மூத்திரம். எத்தனை தரம் துடைத்தாலும் அடியில் இருப்பது அடியிலேயே இருக்கிறது. வாடகைக்கு எடுத்த இரும்புக் கட்டிலில், முதுகுக்குத் தலகாணி அண்டக் கொடுத்து மயிலாத்தாளை உட்கார வைத்திருக்கிறேன். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. வாய் அந்தப் பக்கம் தொங்குகிறது, அந்த மூலையிலிருந்து எச்சில் ஓயாமல் வழிந்து தாடையில் ஒரு கோடு போட்டுக்கொண்டு கழுத்துத் துண்டில் இறங்குகிறது. துடைத்தேன். துடைத்த கையை என் வேட்டியில் துடைத்தேன், பிறகு வேட்டியைப் பார்த்தேன். பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மிச்சம் இருக்கிறது, ஆச்சு. பசித்தாலும் ஆச்சு, வலித்தாலும் ஆச்சு. முன்பெல்லாம் இந்த நேரத்துக்குச் சமையல்கட்டிலிருந்து "காபி ஆச்சுங்க" என்று குரல் வரும், அதில் காபி போய் ஆச்சு மட்டும் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டிருந்தார்கள். நல்லாயிருந்த ஒரே கையால் அதைப் பிடுங்கிப் போட்டாள். மறுபடி விட்டார்கள், மறுபடி பிடுங்கினாள், அப்புறம் அந்தக் கையைப் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். மாட்டைக் கட்டுகிற மாதிரி. அப்போது என்னைப் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவில்லை, சும்மா பார்த்தாள், அந்தப் பார்வையைத்தான் என்னால் சீரணிக்க முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், வாய் வழியாக உள்ளே போனால் சரி, இல்லையென்றால் மறுபடி குழாய்தான், அந்தக் கெடு நாளைக் காலையோடு முடிகிறது. "நாளைக்கு ராத்திரிக்குள்ள இந்த டம்ளருக்கு ரெண்டு டம்ளராச்சும் உள்ள போகோணுங்கய்யா, அப்பத்தான் டாக்டருகிட்ட நான் பேச முடியும்" என்று நேற்று ஜெனிட்டா சொல்லிவிட்டுப் போனாள். காலைக் கஞ்சி துண்டுக்குப் போயிற்று. மத்தியானத் தயிர் போர்வைக்குப் போயிற்று. மிச்சம் இருப்பது இந்தக் காபிதான்.

கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதல் ஸ்பூனை எடுத்தேன். தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, நல்ல பக்கத்து உதட்டில் வைக்க வேண்டும். வைத்தேன். மூடிக்கொண்டாள். "ஏ புள்ள, காபிதான், வாயத் தொற." இல்லை. உதடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தொண்டையில் ஒன்றும் கோளாறு இல்லை. நேற்று ஜெனிட்டா கொடுத்த தயிரை மளமளவென்று விழுங்கினாள், நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவ வந்த இடத்தில் அந்தப் பெண் என்னிடம் சொன்னாள், "தப்பா நெனைக்காதீங்கய்யா. அம்மா ஸ்பூனைப் பாக்கறதில்லீங்க, உங்க மூஞ்சியத்தான் பாக்கறாங்க. நீங்க மூக்கைச் சுளிச்சா அவங்க வாய மூடிக்கறாங்க. மொதல்ல மூஞ்சிய மாத்துங்க." இந்த மூஞ்சியையா. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மூஞ்சிதான் எனக்குச் சோறு போட்டது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான மூஞ்சி இந்த ஜில்லாவிலேயே கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது, விடியக்காலம் ஒரு அண்டாவில் தண்ணீர் பிடித்து வைத்தால் கடை சாத்தும்வரை அதே தண்ணீர்தான், குடித்துவிட்டு வைத்த டம்ளரை அதில் ஒரு முக்கு முக்கி எடுத்து அடுத்தவனுக்கு டீ ஆற்றுவான். மத்தியானத்துக்கு மேல் அந்த அண்டாத் தண்ணீரின்மேல் ஏடு கட்டியிருக்கும். ஊர் எச்சில் முழுக்க அதில். ஒவ்வொரு கடையிலும் டம்ளரை எடுத்து பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்புவேன், விளிம்பில் உதட்டுத் தடம் இருந்தால் கைரேகை மாதிரி அப்படியே தெரியும். அதனால் கடைக்காரர்கள் எனக்கு லைட்டு சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தால் வைத்துக்கொள்ளட்டும். என் கண்ணுக்கு ஒரு தடம் தப்பியதில்லை. வீட்டிலும் அப்படித்தான். ஆளுக்கொரு டம்ளர், பெயர் வெட்டியது. தண்ணீர் என்றால் அண்ணாந்துதான், உதடு படக்கூடாது. சாப்பிட்ட கையால் கரண்டியைத் தொடக்கூடாது, கடித்ததைப் பங்கு வைக்கக்கூடாது. மகள் பூங்கோதை கைக்குழந்தையாக இருந்தபோது அவள் கடித்துப் போட்ட பிஸ்கட்டை மயிலு எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இவள் பிறந்த வீட்டில் அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாம் ஒரே வட்டிலில் கைவிட்டுத் தின்று வளர்ந்தவர்கள், அவளுக்கு இது புதிது, ஆனால் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. சரிங்க என்றாள், அவ்வளவுதான், அதன்பிறகு இந்த வீட்டில் அடுத்தவர் எச்சில் என் வாயில் பட்டதில்லை. இதைச் சங்கத்துக் கூட்டத்தில் மைக்கில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

எதிர்ச் சுவரில் கல்யாணப் போட்டோ. தினமும் பார்க்கிறதுதான், இப்போது ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதால் கண் அங்கே போகிறது. என் ஜிப்பாவின் மார்பில் ஒரு கறை. தாலி கட்டி முடிந்ததும் பாலும் பழமும் கொடுப்பார்கள், மாப்பிள்ளை பாதி குடித்துவிட்டு மிச்சத்தைப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். யாருடைய டம்ளரோ, எங்கே கழுவினார்களோ, நான் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன், பால் குறி தப்பி ஜிப்பாவில் கொட்டிவிட்டது. பந்தலே சிரித்தது. போட்டோக்காரன் அதற்கப்புறம்தான் வந்து எங்களை நிறுத்தினான். மிச்சப் பாலை இவள் வாய் வைத்துத்தான் குடித்தாள், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அப்போதும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இரண்டாவது ஸ்பூன். நான் சிரிக்கப் பார்த்தேன். கன்னத்தை இழுத்துப் பிடித்துச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன். அவள் என்னை அப்படியே பார்த்துவிட்டு இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டாள். சிரிப்பது எனக்கே அசிங்கமாக இருந்தது, அவளை என்ன சொல்ல. எச்சில் மறுபடி வழிகிறது. துடைக்கிறேன். என்ன உடம்பு இது, சீ, மேலே சட்டை போட்டு மறைத்துவைத்தால் மனுஷன், திறந்தால் பூராவும் ஒழுகல். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது என்னுடைய ஒழுகலை இவள்தான் ஏந்தினாள், ஒரு தரம் பாத்திரம் எட்டவில்லை என்று இரண்டு கையையும் குவித்து ஏந்திவிட்டாள், அதைப் பார்த்து எனக்கு இன்னொரு தரம் வாந்தி வந்தது. என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் எல்லாம் இவள்தான். என்னால் அந்த அறைக்குள் போக முடியாது, வயிறு புரட்டும், அது ஊருக்கே தெரிந்த விஷயம். இவள் உள்ளே வேலையை முடித்துவிட்டு, கை கழுவிவிட்டு, எனக்குக் காபி கலந்து கொண்டுவருவாள். சோப்பு வாசம் கையில் இருக்கும். மூஞ்சியில் ஒன்றும் இருக்காது. அது எப்படி என்று நான் யோசித்ததுண்டு. ஒரு மூஞ்சியை ஒன்றும் இல்லாமல் எப்படி வைத்துக்கொள்கிறார்கள்.

காபி என்றதும் அந்தச் சர்க்கரை. எனக்கு இனிப்பு ஒரு பொட்டு கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. ரேஷன் சர்க்கரை ஒரு மாசம் ரவை மாதிரி வரும், ஒரு மாசம் கல் மாதிரி வரும், பாலும் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. இவள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது நானே ஸ்பூன் வைத்து அளந்து போட்டுப் பார்த்தேன், ஒரு நாளும் சரியாக வரவில்லை. இவள் போட்டால் மட்டும் எந்தச் சர்க்கரையானாலும் எந்தப் பாலானாலும் அதே இனிப்பு. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவேன், மயிலு கை தராசு, வாயில வெச்சுப் பாக்காமயே அளவு தெரியும். அப்படிச் சொல்லும்போதெல்லாம் இவள் உதட்டை மடித்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விடுவாள், முதுகு குலுங்கும், வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நுரையில் ஒரு பக்கம் மட்டும் உடைந்திருக்கும், ஸ்பூன் பட்டிருக்கும் என்று விட்டுவிடுவேன். மூன்றாவது ஸ்பூன். போன் மறுபடி சிணுங்குகிறது. இந்தத் தடவை பூங்கோதை, கோயமுத்தூரிலிருந்து. "ஏனுங்கப்பா, அம்மா ஏதாச்சும் குடிச்சாங்களா?" இன்னும் இல்லை என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "மறுபடியும் அந்தக் குழாயா? அம்மா கையக் கட்டிப் போடுவாங்கப்பா." கட்டமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன், ஆனால் கட்டுவார்கள், பிடுங்கினால் கட்டித்தான் ஆக வேண்டும். அந்த நினைப்போடு மறுபடி ஸ்பூனை நீட்டினேன். அதில் மூஞ்சி என்ன ஆயிற்றோ தெரியவில்லை, இவள் கொஞ்சம் வாயைத் திறந்தாள், நான் சட்டென்று ஸ்பூனை உள்ளே விட்டேன். ஒரு நொடி வைத்திருந்தாள். புருவம் சுருங்கியது. தூவென்று துப்பினாள், என் சட்டையெல்லாம், கழுத்தெல்லாம், ஒரு சொட்டு என் கீழ் உதட்டிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பாக. நான் ஸ்டூலோடு பின்னுக்குப் போய்விட்டேன். "என்ன புள்ள இது! சக்கரை பத்தலையா?" கண்ணை மூடித் திறந்தாள், ஆமாம். "அது எனக்கெப்படித் தெரியும்? வாயில வெச்சுப் பாத்தா குடுக்க முடியும் உனக்கு?"

அதைக் கேட்டதும் என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அந்த இடது கை போர்வைக்கு அடியிலிருந்து வந்து என் கையில் இருந்த டம்ளரைப் பிடித்தது. டம்ளரோடு வாயில் வைக்கக்கூடாது என்று ஜெனிட்டா அத்தனை தரம் சொல்லியிருக்கிறாள், புரையேறினால் என்ன செய்வது, இழுத்தேன், விடவில்லை, அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. தூக்கினாள். நல்ல பக்கத்து உதட்டை விளிம்பில் வைத்து, துளியூண்டு, பூனை நக்குகிற மாதிரி உறிஞ்சினாள். தொண்டை ஏறி இறங்கியது. இறங்கிவிட்டது, இருமவில்லை. நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து யோசித்தாள். டம்ளரை மடியில் இறக்கி, போர்வை முனையை இரண்டு விரலால் பிடித்து, உதடு பட்ட இடத்தை ஒரே இழுப்பாக, ரொம்பப் பழகிய இழுப்பாக, துடைத்தாள். பிறகு அந்த இடத்தை எனக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி என்னிடம் நீட்டினாள். "ஆச்சு" என்றாள். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. நுரை உடைந்த பக்கம். ஊரில் உள்ள டம்ளரையெல்லாம் பல்புக்கு நேரே பிடித்தேனே, எனக்கு வந்த டம்ளரை ஒரு நாளாவது பிடித்தேனா. "எத்தன நாளா?" என்று கேட்டேன். இடது கை மெதுவாகத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சுவரைக் காட்டியது. போட்டோவை. ஜிப்பாக் கறையை. பிறகு சிரித்தாள். பாதி வாய் சிரித்தது, பாதி வாய் தொங்கியபடியே இருந்தது, எச்சில் வழிந்தது, முதுகு குலுங்கியது. நான் வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்த அதே குலுங்கல்தான்.

எனக்குக் குமட்டியது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, முதலில் வந்தது அதுதான். தினமும் இரண்டு வேளை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும், பூங்கோதை கல்யாணத்தன்று விடியக்காலம், அம்மாவை மயானத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்த சாயங்காலம், ரிட்டயரானதற்கு மறுநாள் எங்கேயும் போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்த காலை, எல்லாவற்றிலும் ஒரு மிடறு இவள் வாயிலிருந்து என் வாய்க்கு. நான் எச்சில் படாத மனுஷன் என்று மைக்கில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து குடித்ததும் அதையே. நொந்து போய் உட்கார்ந்திருந்தேன். அவள் டம்ளரை நீட்டிக்கொண்டே இருந்தாள், கை ஆட ஆரம்பித்தது, விழுந்துவிடும் என்று வாங்கினேன். அவள் கண் என் மூஞ்சியை விட்டு நகரவில்லை. இப்போது நான் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரிந்தது, ஜெனிட்டா வந்து சொல்ல வேண்டியதில்லை. துடைத்த பக்கத்தைத் தேடித் திருப்பி, உதட்டை வைத்து, ஒரு வாய் குடித்தேன். பசை. கொழகொழவென்று நாக்கில் அப்பிக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதோடு அவள் சொன்னது சரிதான், சர்க்கரை பத்தவே இல்லை. விழுங்கினேன். மூஞ்சி எப்படி இருந்ததென்று தெரியவில்லை, கண்டிப்பாக நல்லபடியாக இருந்திருக்காது. ஆனால் அவள் வாய் திறந்திருந்தது. அதே ஸ்பூனை நக்கிவிட்டு, ஆமாம், நக்கிவிட்டு, ஒரு ஸ்பூன் கொடுத்தேன், தொண்டை ஏறி இறங்கியது. அடுத்த ஸ்பூனுக்கு மூடிக்கொண்டாள், நான் ஒரு வாய் தின்றேன், திறந்தாள். அப்படித்தான் போயிற்று, எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, என் எச்சில் எது அவள் எச்சில் எது என்று நடுவில் கணக்கு விட்டுப் போய்விட்டது. பாதி டம்ளர் என் வயிற்றுக்குள் போய்விட்டதால் இதை ஒரு டம்ளர் என்று ஜெனிட்டா ஒத்துக்கொள்ள மாட்டாள். அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, நன்றி என்று குழந்தைசாமி அனுப்பிய அந்த வெட்கங்கெட்ட ரோஜாப்பூ ஞாபகம் வந்தது. யாருக்கு என்று இப்போது தெரிந்தது. ஒரு டிரான்ஸ்பரும் ஒரு மொபெட்டும் தவிர ஒன்றுமே நடக்காத அந்த வருஷங்களில் தினம் தினம் எனக்கு முன்னால் ஒரு ஆள் வாய் வைத்துப் பார்த்திருக்கிறாள், கசக்கிறதா, சுடுகிறதா, இவனுக்கு ஆகுமா என்று. நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறேன். அதை நினைத்து அழுகை வந்தது, குமட்டலும் கூடவே இருந்தது, அது எங்கேயும் போய்விடவில்லை.

"இருக்கட்டும் புள்ள, இன்னொண்ணு கலக்கிட்டு வாரேன்" என்றேன். ஆச்சு என்றாள். சமையல்கட்டில் பாலைச் சூடு பண்ணி, டிகாஷன் விட்டு, கை படும் சூட்டுக்கு ஆற்றி, அந்த எழவெடுத்த பொடியைப் போட்டுக் கலக்கினேன். சர்க்கரையை ஸ்பூனில் அளக்கவில்லை, டப்பாவிலிருந்து அப்படியே சாய்த்தேன். வாயில் வைத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் சாய்த்து, மறுபடி வைத்துப் பார்த்தேன். மூன்றாவது தரம் சரியாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே டம்ளரைத் தூக்கிப் பிடித்தேன், பழக்கம். விளிம்பில் என் உதட்டுத் தடம் அப்படியே இருந்தது. துண்டை எடுத்தவன் துடைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு அவளிடம் எடுத்துப் போனேன்.